பள்ளம் யாருடையது? வாளையார் ரோட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் பல வருஷம் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவன் நான். கோவை குனியமுத்தூரிலிருந்து கேரள எல்லையில் உள்ள வாளையார் வரை இருப்பவர்கள் கேட்டதில், பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுக்கரையிலிருந்து ஒருவர்: ஐயா, மரப்பாலம் ரயில் பாலத்துக்கு அடியில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்துவிட்டேன். "அது எங்களுடையது இல்லை" என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?

பாதி தட்டிக்கழிப்பு, பாதி நிஜம். பாலம் ரயில்வேயுடையது. அடியில் போகும் ரோடு நெடுஞ்சாலை ஆட்களுடையது. பக்கத்து வீதிகளிலிருந்து வந்து சேரும் சாக்கடை நகராட்சி கணக்கு. தண்ணீர் இந்தப் பங்கு பிரிப்பைப் பார்த்துக்கொண்டா ஓடுகிறது!

நம் ரோட்டில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். குனியமுத்தூர் 2011 முதல் கோவை மாநகராட்சிக்குள். மதுக்கரை 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. எட்டிமடை இன்னும் பேரூராட்சி. பிச்சனூர் ஊராட்சி. நடுவில் ஓடும் நாலுவழிச்சாலை 544, தேசிய நெடுஞ்சாலை. அதில் பள்ளமோ விபத்தோ என்றால் 1033க்குத்தான் போன் போட வேண்டும். கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பதால் அங்கே ஒரு சட்டி தார் விழாது. தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. கம்பம் சாய்ந்தால் ஓர் ஆபீஸ், பல்பு போனால் வேறு ஆபீஸ்.

சரி, யாருடையது என்றே தெரியவில்லை என்றால்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை ரோட்டையும் வடிகாலையும் பராமரிக்கும் துறை எது? கடைசியாக எப்போது வேலை நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். தப்பான ஆபீசுக்குப் போட்டாலும் ஐந்து நாளில் சரியான ஆபீசுக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 6(3). "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு சிறுபாலம் அடைத்துக்கொண்டு கிடந்தது. கோப்பு மட்டும் இரண்டு வருஷம் அங்கும் இங்கும் போய்வந்தது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது, மறைப்பானேன். கடைசியில் இரண்டு துறைப் பொறியாளர்களும் ஒரே நாளில் இடத்துக்கு வந்து டேப் பிடித்து அளந்தார்கள். அரைநாளில் யாருக்கு எவ்வளவு என்று முடிந்துவிட்டது. அதனால் மனுவில் "கூட்டுத் தள ஆய்வு வேண்டும்" என்று எழுதுங்கள். மரப்பாலத்துக்கு மூன்று பேரும் வர வேண்டும். மனு ஒன்று, நகல் மூன்று. நேரே கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள்.

க.க.சாவடியிலிருந்து ஓர் அம்மா: எல்லை தாண்டி, கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறேன். உக்கடத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை. பாலக்காடு பஸ்ஸில் மட்டும் ஏன் காசு கேட்கிறார்கள்?

மகளிர் இலவசப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. நம் பக்கத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பாலக்காடு போவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வண்டி. நம் பஸ்ஸானாலும் கேரள பஸ்ஸானாலும் அங்கே காசுதான்.

இன்னொன்று, அம்மா. காசில்லாவிட்டாலும் கண்டக்டர் கொடுக்கும் அந்தச் சீட்டை வாங்காமல் இறங்காதீர்கள். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. "காலை ஏழு மணிக்கு இன்னொரு நடை விடுங்கள்" என்று நாளைக்குக் கேட்டால், கிளை மேலாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணிக்கையைத்தான்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: எல்லை தாண்டிப் போகும் பஸ்ஸைக் கூட்டச் சொல்லி நகராட்சியில் தீர்மானம் போட்டால் நடக்குமா?

தீர்மானம் போடலாம். தப்பில்லை. ஆனால் மாநிலங்களுக்கிடையே எந்தத் தடத்தில் யாருக்கு எத்தனை நடை என்பது இரண்டு அரசுகளும் போடும் ஒப்பந்தம். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டில் இன்னொரு மாநிலம் மேலொப்பம் இட வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆவது பிரிவு. நகராட்சித் தலைவர் நினைத்தால் பஸ் நிழற்குடை கட்டித் தரலாம். பஸ் தர முடியாது.

அதைவிட, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர்க்காரர்கள் மினி பஸ்ஸுக்கு மெனக்கெடலாம். புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். உங்கள் பாதையில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பஸ்ஸே இல்லை என்பதை அளந்து எழுதி, வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் கொடுங்கள்.

எட்டிமடையிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி: அண்ணா, ரயில்கள் ஏன் இங்கே இவ்வளவு மெதுவாகப் போகின்றன? யாரிடம் புகார் செய்வது?

இதற்குப் புகார் வேண்டாம், தம்பி. யானைகளுக்காகத்தான் இங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள். 2021 நவம்பரில் நவக்கரை பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. அந்தப் பக்கம் போயிருந்தவர்களுக்கு அது மறக்காது. அதற்குப் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் யானைகள் போக வழி அமைத்தார்கள். 2024இல் கோபுரங்களில் கேமரா வைத்து, யானை நெருங்கினால் எச்சரிக்கும் ஏற்பாட்டையும் வனத்துறை கொண்டுவந்தது. பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் ஸ்டேஷனில் தண்ணீர், கழிப்பறை, விளக்கு இல்லை என்றால் தாராளமாக எழுது. சேலம் கோட்டத்துக்கு எழுதாதே. மாவட்டம் கோவையாக இருந்தாலும் இந்தத் தண்டவாளத்துக்குப் பாலக்காடு கோட்டம்தான் எஜமான்.

குனியமுத்தூரிலிருந்து: சொத்து வரி எப்போது கட்டினால் லாபம்?

ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள். ஐந்து சதவீதம் குறையும், 5,000 ரூபாய் வரை.

மதுக்கரையிலிருந்து: பேரூராட்சியாக இருந்தபோதும் எங்களுக்குக் கிராம சபை இல்லை. நகராட்சியான பிறகும் இல்லை. எங்கே போய்ப் பேசுவது?

பகுதி சபா இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதல் முறையாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டு கவுன்சிலர்தான் தலைவர். பல ஊர்களில் நாலு நாற்காலி, ஒரு போட்டோ என்று முடிந்துபோவதும் உண்டு. நீங்கள் போகாவிட்டால் அப்படித்தான் முடியும். போகும்போது பேசியது போதும் என்று வந்துவிடாமல், சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கைபேசியில் அந்தப் பக்கத்தை ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அந்தப் படத்தைக் காட்டலாம்.