எதிர்ப்பக்கம் நிறுத்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்

சகோதரி, காவேரிப்பட்டணத்தில் தெருமுனை வரை வந்துகொண்டிருந்த பள்ளி பஸ் இந்த ஆண்டு முதல் நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம்தான் நிற்கும், யூகேஜி படிக்கும் மகளை நீங்களே வந்து அழைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் பதறியது. கிரானைட் பாறை ஏற்றிய லாரிகள் விரையும் சாலை அது. பெரியவர்களே கடக்கத் தயங்குவார்கள்.

தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டுப் பள்ளி வாகனச் சிறப்பு விதிகளின்படி பஸ்ஸில் உதவியாளர் கட்டாயம். இறங்கிய சின்னப் பிள்ளை பஸ்ஸை ஒட்டி முன்பக்கமாக நடந்தால், மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தலைகூடத் தெரியாது. உதவியாளர் கைபிடித்து இறக்குகிறாரா என்று முதலில் பாருங்கள்.

அந்த நிறுத்தத்துப் பெற்றோர் எல்லாரும் கையெழுத்திட்டு, சர்வீஸ் ரோட்டில் உங்கள் பக்கமாகவே பஸ் வர வேண்டும் என்று பள்ளி முதல்வரிடம் மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சு போதாது, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். டீசல் செலவைக் காரணம் காட்டினால் மசியாதீர்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்த நகலோடு கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதுவரை, நீங்கள் வர முடியாத நாளில் மகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை உதவியாளரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.