குழந்தைக்குச் சர்க்கரை சென்சார்: என்ஹெச்எஸ்ஸில் யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 6 வயது. இரண்டு மாதங்களுக்கு முன் டைப் 1 நீரிழிவு என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை விரலில் குத்திப் பார்க்கிறோம், நடுராத்திரியிலும்கூட. கையில் ஒட்டும் சென்சார், அரசின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் இலவசம் என்கிறார்கள் சிலர். சர்க்கரை திடீரென்று மிகவும் இறங்கும் பிள்ளைகளுக்குத்தான் தருவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் குடும்ப மருத்துவரான ஜிபியிடம் கேட்டால் அது தன் கையில் இல்லை என்கிறார். என்ன செய்வது? (லண்டனிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் மகளுக்கு அது கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, குழந்தைகளின் நீரிழிவுக்கான என்ஜி18 வழிகாட்டியை 2022 மார்ச்சில் திருத்தியது. டைப் 1 உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டி அலாரமும் அடிக்கும் சென்சாரை மருத்துவக் குழுவே முன்வந்து தர வேண்டும், அதைக் கையாளவும் கற்றுத்தர வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பு கடுமையான தாழ்சர்க்கரை போன்ற காரணம் காட்ட வேண்டியிருந்தது. உங்களுக்குச் சொன்னவர்கள் அந்தப் பழைய நிலையை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். குடும்ப வருமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜிபி சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த முடிவை எடுப்பது மருத்துவமனையில் உள்ள குழந்தைகள் நீரிழிவுக் குழு. அங்கே உங்களுக்கென்று ஒரு சிறப்புச் செவிலியர் இருப்பார். அவருக்கு இன்றே ஃபோன் செய்யுங்கள், அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. "என்ஜி18 சொல்கிறபடி மகளுக்குச் சென்சார் வேண்டும், எப்போது தொடங்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. சித்தப்பாவையோ மூத்த பிள்ளையையோ வைத்து மருந்து விஷயம் பேச வேண்டாம். ஒரு எண் தவறாகப் புரிந்தாலும் ஆபத்து.

எந்தச் சென்சார் என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. பொருத்தமானவை ஒன்றுக்கு மேல் இருந்தால் விலை குறைந்ததைத்தான் தருவார்கள், அதுவும் வழிகாட்டியில் உள்ளதுதான். ஆகவே உங்கள் தேவையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இரவில் அலாரம் வேண்டும், பள்ளியில் இருக்கும்போது அளவு உங்கள் ஃபோனுக்கும் வர வேண்டும், பிறகு இன்சுலின் பம்ப் போடும் எண்ணம் உண்டு என்று. பம்ப் பற்றிச் சொல்வது முக்கியம். சென்சாரின் அளவைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்பை 18 வயதுக்கு உட்பட்ட டைப் 1 பிள்ளைகளுக்கு நைஸ் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆனால் எல்லாச் சென்சாரும் எல்லாப் பம்போடும் சேராது.

இழுத்தடித்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் குழந்தையின் சிறப்பு மருத்துவரிடம் பேசுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மருத்துவமனையின் பால்ஸ் பிரிவு இருக்கிறது, நோயாளிகளின் குறைகளைக் கேட்பதுதான் அவர்கள் வேலை. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். சில சமூகக் குழுக்களிடம் சென்சார் குறைவாகவே போய்ச் சேருகிறது என்பதை அந்த வழிகாட்டியே கவனத்தில் எடுத்து, அதைச் சரிசெய்யச் சொல்கிறது. நம் குடும்பங்கள் டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பேசாமல் வந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பது தொந்தரவு அல்ல.

சரி, சென்சார் வந்துவிட்டது என்றால் விரல் குத்தும் மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். குழந்தை வியர்த்து நடுங்கும்போது திரையில் நல்ல எண் தெரிந்தால், உடனே விரலில் குத்திப் பாருங்கள். இரவில் சென்சார் உள்ள கையின்மேல் அழுத்திப் படுத்தாலும் இல்லாத தாழ்வைக் காட்டி அலாரம் அடிக்கும். முதல் சில இரவுகள் இதனாலேயே பதறுவீர்கள். பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, மீட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் தெளிந்துவிடும். சென்சாரை 70 சதவீத நேரமாவது அணிந்திருக்கிறாளா என்றும் குழு பார்க்கும். குறைந்தால் பறித்துக்கொள்வதற்காக அல்ல, தோல் அரிப்பா, ஒட்டு நிற்கவில்லையா என்று கேட்டுத் தீர்ப்பதற்காக. அதனால் சிரமம் இருந்தால் மறைக்க வேண்டாம்.

பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகள் நோயுள்ள மாணவருக்கு உதவ ஏற்பாடு செய்தாக வேண்டும். செவிலியரோடு சேர்ந்து பள்ளி ஒரு தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதும். அலாரம் அடித்தால் யார் பார்ப்பது, என்ன கொடுப்பது என்பதோடு, சென்சாருக்கான ஃபோனோ, அளவைக் காட்டும் ரீடர் கருவியோ எப்போதும் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், அது மருத்துவக் கருவி என்ற வரியையும் அதில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் ஃபோனுக்குத் தடை இருந்தாலும், அந்த வரி இருந்தால் வகுப்பறை வாசலில் யாரும் அதை வாங்கி வைக்க மாட்டார்கள்.