மூட்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு அக்கி வந்தது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்கு எட்டு மாதமாக டோஃபாசிட்டினிப் சாப்பிடுகிறார், வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்று முதுகில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள். அக்கி என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: முதலில் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. காவி பூசி அக்கி எழுதிவிட்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மருந்து தொடங்க வேண்டியதே அந்த மூன்று நாளில்தான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடமும் போக வேண்டும்.

மூட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் அக்கி ஆறும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்.

சரி, ஏன் வந்தது? சின்ன வயதில் சின்னம்மை தந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பு முடிச்சுகளில் தூங்கிக் கிடக்கும். அது விழித்துக்கொண்டு ஒரு செல்லுக்குள் பெருகும்போது, இருக்கக் கூடாத இடத்தில் டிஎன்ஏ இருப்பதை சிகேஸ் என்ற புரதம் மோப்பம் பிடித்து ஸ்டிங் என்ற புரதத்தை உசுப்பிவிட, அங்கிருந்து தகவல் கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய், பக்கத்துச் செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கிறது. 1957-ல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த பொருள் இது. பக்கத்துச் செல்லின் வாசலில் இது போய் ஒட்டியதும், உள்ளே இருக்கும் ஜேக்-1, டிக்-2 நொதிகள் ஸ்டாட் புரதங்களைத் தூண்ட, அவை உட்கருவுக்குள் போய் வைரஸைத் தடுக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகின்றன. வைரஸ் வந்து சேரும் முன்பே அந்தச் செல் தயாராகிவிடுகிறது!

அம்மாவின் மூட்டில் வீக்கத்தை உண்டாக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற செய்தியும் இதே ஜேக்-1 வழியாகத்தான் போகிறது. டோஃபாசிட்டினிப் அடைப்பது முக்கியமாக ஜேக்-1, ஜேக்-3 இரண்டையும். வீக்கத்தின் செய்தி எது, வைரஸ் எச்சரிக்கை எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. போதாததற்கு, வைரஸைத் தேடிக் கொல்லும் டி செல்களும் என்கே செல்களும் ஜேக்-3 இல்லாமல் சரியாக வேலை செய்யாது. ஆக, அம்மா எதையும் தவறாகச் சாப்பிட்டதால் இது வரவில்லை, தயவுசெய்து அவரைக் குறை சொல்லாதீர்கள்.

எதிர்ப்பு சக்திப் பொடி, கஷாயம் எதுவும் அடைத்த பாதையைத் திறக்காது. இந்தப் பாதை அளவுக்கு மீறி ஓடினாலும் ஆபத்துதான்: கொரோனா முற்றி நுரையீரல் வீக்கத்தில் தவித்தவர்களுக்கு, இதே வகை மருந்தான பாரிசிட்டினிப் உயிர் காத்தது.

அக்கி முழுக்க ஆறிய பிறகு தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். உயிருள்ள வைரஸ் இல்லாத, இரண்டு தவணை ஊசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம்தான், ஆனாலும் போடச் சொல்வேன். அப்புறம், கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு தட்டும்வரை கைக்குழந்தைகளும் சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் அம்மாவின் அருகில் வர வேண்டாம்.