மடிக்கணினிக்கு எத்தனை ஜிபி ராம் வேண்டும்?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு கணினிப் பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கடையில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மடிக்கணினிகளைக் காட்டினார்கள். ஒன்றில் 8 ஜிபி ராம், மற்றொன்றில் 16 ஜிபி ராம். இரண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி. 16 ஜிபி உள்ளதற்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். 512 ஜிபி இருக்கும்போது இந்த 8, 16 எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. "இப்போதைக்கு 8 போதும் சார், வேண்டுமானால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வதை நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 512 ஜிபி எஸ்எஸ்டி என்பது உங்கள் மகளின் கோப்புகளும் படங்களும் மென்பொருள்களும் நிரந்தரமாகத் தங்கும் இடம். ராம் என்பது அந்த நேரத்தில் திறந்திருக்கும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் இடம். கணினியை அணைத்தால் அதில் இருப்பது அழிந்துவிடும். ராம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் அதிலிருந்து ஒரு பகுதியை எஸ்எஸ்டிக்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ராமின் வேகத்துக்கு ஈடாகாது என்பதால், ஒரு சன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் கணினி திணறும். 512 ஜிபி காலியாகக் கிடந்தாலும் இந்தத் திணறல் நீங்காது.

கடைக்காரர் சொன்னதில் "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்ற பகுதியைத்தான் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டும். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதில் பிறகு எதையும் ஏற்ற முடியாது. விவரத் தாளில் ராமின் வகை எல்பிடிடிஆர்5 (LPDDR5) என்று இருந்தால் அநேகமாக அது அந்த வகை. டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்று இருந்தால் ராமைச் செருகும் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு; ஆனால் அதுவும் உறுதியல்ல. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி என்று சென்றால், வலது கீழ்ப்பக்கம் "ஸ்லாட்ஸ் யூஸ்டு", "ஃபார்ம் ஃபேக்டர்" என இரண்டு வரிகள் இருக்கும். "1 ஆஃப் 2" என்றும் "எஸ்ஓடிம்" (SODIMM, கழற்றி மாற்றக்கூடிய ராம்) என்றும் இருந்தால், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் பற்றவைக்கப்பட்டது என்று பொருள். சில கணினிகளில் இந்த வரிகள் தவறாகவும் காட்டக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் இணையதளத்தில் அதே மாடல் எண்ணைத் தேடி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பற்றவைத்த ராம் என்றால் தயங்காமல் 16 ஜிபியை வாங்குங்கள். நான்கு ஆண்டுகளுக்கு மாற்ற முடியாத ஒன்றில் சேமிக்கும் அந்தச் சில ஆயிரம், இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் மகளை வருத்தும். காலி ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியை இப்போது வாங்கி, அதே வகை ராம் ஒன்றைப் பிறகு சேர்க்கலாம். டிடிஆர்4 ராம் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ராம் விலை ஏறி இறங்கக்கூடியது என்பதால், இரண்டு வழிகளுக்கும் ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அது நிறுவுவதற்கான குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. சி, பைத்தான் பயிற்சிகளுக்கு 8 ஜிபி தாராளமாகப் போதும். பின்னர் கைபேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, அதனுள் எமுலேட்டர் எனும் போலிக் கைபேசியை ஓட்டி, பக்கத்தில் குரோமில் பத்துப் பக்கங்களையும் வைத்திருக்கும்போதுதான் 8 ஜிபி போதாமல் போகும். ஆப்பிள் நிறுவனமே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8-இலிருந்து 16-ஆக உயர்த்தியது. 32 ஜிபி உங்கள் மகளுக்குத் தேவையில்லை; பெரிய காணொளிகளைத் தொகுப்பவர்களுக்கும், ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்களுக்கும் அது பயன்படும்.

கேள்வி: என் பழைய மடிக்கணினியில் 8 ஜிபி ராம் இருந்தும் மிக மெதுவாக இருக்கிறது. இன்னொரு 8 ஜிபி போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு மேலே சொன்ன டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ராம் சேர்ப்பது பலன் தரும். எதுவும் திறக்காதபோதே பாதி நிறைந்திருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அது இயல்பு. மெமரி 60 சதவீதத்தில் இருக்கும்போது டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், கணினியில் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ராமுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு எஸ்எஸ்டியை வாங்கி மாற்றுங்கள். அதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.