சுக்கான் அவர் கையில், நங்கூரம் உங்கள் கையில்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுக் குன்னூரில் இருக்கிறோம். கிரீஸ் நாட்டில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் ஏற்கெனவே படகு ஓட்டிப் பழகியவர், உரிமமும் வைத்திருக்கிறார். நான் ஊட்டி ஏரியில் பெடல் படகு மிதித்ததோடு சரி. "நீ உட்கார்ந்து வேடிக்கை பார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். நம்பிப் போகலாமா?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா, ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள். எல்லாம் தெரிந்த அவரே தண்ணீரில் விழுந்துவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியது யார்? நீங்கள்தான். அந்த நேரத்தில் மிதவையை வீசவும், அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்கவும், எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்படி கயிறு எதுவும் தண்ணீரில் கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு எஞ்சினைப் போடவும், ரேடியோவில் 16-ம் சேனலில் உதவி கேட்கவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிரீஸில் இன்னொன்றும் உண்டு: ஒருவரிடம் உரிமம் இருந்தால் போதாது, கூட வரும் இன்னொருவருக்கும் படகு அனுபவம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்காக அனுபவம் உண்டு என்று பொய்யாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ஊர்த் துறைகளில் பெரும்பாலும் நங்கூரத்தை முன்பக்கம் இறக்கிவிட்டு, படகைப் பின்னோக்கி ஓட்டிப் போய்க் கரையில் கட்டுவார்கள். இது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. எங்கள் முதல் பயணத்தில் நான் பின்னால் சுக்கானில், என் மனைவி முன்னால் நங்கூரத்தில். நடுவில் முப்பத்தைந்தடி தூரம், எஞ்சின் சத்தம், காற்று வேறு. நான் "நிறுத்து" என்று கத்தினது அவளுக்கு "இறக்கு" என்று கேட்டிருக்கிறது, சங்கிலி கடகடவென்று ஓடி, பக்கத்துப் படகின் சங்கிலி மேலேயே போய் விழுந்தது. பிரித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது, அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரி காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கை ஜாடைகளை முடிவு செய்தோம். முஷ்டி பிடித்தால் நிறுத்து, உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு படகில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தியதே இல்லை.

இடம் அயோனியன் பக்கம், அதாவது லெஃப்காடா, இத்தாக்கா தீவுகள் இருக்கிற மேற்குக் கரையாக இருக்கட்டும். கோடையில் அங்கே காலையில் காற்று படுத்திருக்கும், மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து எழும்பும், பொழுது சாயும்போது பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு 10, 15 கடல் மைல் போனாலே அடுத்த தீவு வந்துவிடும். கிழக்கே ஏஜியன் கடல் பக்கம் அப்படி இல்லை. ஜூலை, ஆகஸ்டில் அங்கே மெல்டெமி என்ற வடகாற்று சில சமயம் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும், இரண்டு பேருக்கு அது கஷ்டம். மே கடைசி, ஜூன், இல்லையென்றால் செப்டம்பரில் போங்கள்.

முதல் இரண்டு நாள் உள்ளூர் மாலுமி ஒருவரைச் சம்பளத்துக்குக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடத்தில் காற்றையும் பாயையும் கொஞ்சம் பழகிவிடுங்கள். நம்மால் ஆகுமா என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். புதுச்சேரி ரூபாவும் கோழிக்கோடு தில்னாவும், கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் கிளம்பி, 2025 மே மாதம் உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். படகில் இருந்தது அவர்கள் இரண்டே பேர்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்குவதற்குள் எனக்கு இரண்டு தடவை வாந்தி வந்துவிடும். நான் கடலில் தாங்குவேனா?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்தால் கொஞ்சம் தேவலை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், கடலிலும் அதேதான். மேல்தளத்திலேயே இருங்கள், அடிவானத்தைப் பாருங்கள், முடிந்தால் சுக்கானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவருக்குக் குமட்டல் குறைவு. சமைக்கிறேன், படிக்கிறேன் என்று படகு ஓடும்போது கீழே இறங்கவே கூடாது. மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டு அவ்வளவாகப் பலன் இல்லை. வெறும் வயிறும் ஆகாது. நான் வறட்டு பிஸ்கட்டும் இஞ்சி மிட்டாயும் பையில் வைத்திருப்பேன்.

கேள்வி: கிரீஸ், குரோஷியா இரண்டு கரையிலும் இரண்டிரண்டு மாதம் சுற்றலாமா?

பதில்: தொடர்ந்து முடியாது. 2023 முதல் குரோஷியாவும் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வருகிற ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், வந்துவிட்டது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 90 நாள்தான் கணக்கு. துருக்கி அதில் சேராது, விசாவும் தனி. இடையில் அங்கே கொஞ்ச நாள் இருக்கிற மாதிரி திட்டம் போட்டுப் பாருங்கள்.