பழைய பைக்குக்கு ஆயில் மீட்டர் மாட்டலாமா, வேண்டாமா?

இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல ஆயில் பத்தினதை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டேன். மொதக் கேள்விக்கு பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கேள்வி: சார் வணக்கம். என்கிட்ட இருக்கறது கிட்டத்தட்ட 30 வருஷத்துப் பழைய பைக். சிங்கிள் சிலிண்டர், ஏர் கூல்டு, ஆயிலுக்குன்னு ஒரு லைட்டு கூட கிடையாது. போன மாசம் ஃப்ரெண்டோட பைக், அதுவும் இதே மாடல்தான், நடுவழில என்ஜின் சீஸ் ஆகி நின்னுடுச்சு. பிரிச்சுப் பாத்தா பிஸ்டன் எல்லாம் கோடு விழுந்து கிடக்கு, உள்ள ஆயில் பேருக்குத்தான் இருந்துச்சாம். அதுல இருந்து எனக்கு ஒரே பயம். ஆயில் ப்ரெஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் ரெண்டையும் ஹேண்டில்ல மாட்டிடலாம்னு இருக்கேன், பாக்கவும் கெத்தா இருக்கும். என் மெக்கானிக் "வேண்டாத வேலை"ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: மெக்கானிக் சொன்னதுல முக்கால்வாசி சரி, ஆனா ஏன்னு சொல்லாம விட்டுட்டார், அதான் உங்களுக்கு மனசு கேக்கல. கெத்துக்காக மாட்டறதுன்னா தாராளமா மாட்டுங்க, அது உங்க பைக், அதுல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. பயத்துக்காக மாட்டறதா இருந்தா மட்டும் கொஞ்சம் பேசணும்.

உங்க ஃப்ரெண்ட் பைக்கையே எடுத்துக்கங்க. அதுல ப்ரெஷர் மீட்டர் இருந்திருந்தா தப்பிச்சிருக்குமா? எனக்கு சந்தேகம்தான். 1 லிட்டர் ஆயில் பிடிக்கற என்ஜின்ல 300 மில்லி குறைஞ்சிருந்தாலும், பம்ப் உறிஞ்சற வாய் ஆயில்ல முங்கி இருக்கற வரைக்கும் முள்ளு அதே இடத்துலதான் நிக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. வாய் வெளிய தெரிஞ்சு பம்ப் காத்தை இழுக்க ஆரம்பிச்சதும்தான் சடார்னு கீழ விழும், அந்த நேரம் பாத்து நீங்க ரோட்டை விட்டுட்டு மீட்டரைப் பாத்துட்டு இருந்தா உண்டு. அதே பைக்ல வாரத்துக்கு ஒரு தடவை டிப் ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு பாக்கற குச்சியை, உருவிப் பாத்திருந்தா எத்தனையோ நாள் முன்னாடியே ஆயில் இறங்கறது தெரிஞ்சிருக்கும். ஆயில் லெவல் வேற, ஆயில் ப்ரெஷர் வேற. நிறைய பேர் இது ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க.

டிப் ஸ்டிக் பாக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சைடு ஸ்டாண்ட்ல சாய்ச்சு வெச்சுப் பாத்தா அளவு தப்பாத்தான் காட்டும், சமமான தரைல நிமித்தி வெச்சுப் பாருங்க. சில மாடல்ல மூடியை மரைல திருகாம சும்மா உக்கார வெச்சு அளக்கணும், சிலதுல முழுசா திருகி அளக்கணும், மேனுவல்ல போட்டிருக்கும். ஆயில் டேங்க் தனியா இருக்கற டிரை சம்ப் பைக்கா இருந்தா, ரொம்ப நாள் நிறுத்தி வெச்சப்போ டேங்க்ல இருக்கற ஆயில் பம்ப் வழியா மெதுவா கீழ கசிஞ்சு என்ஜின் அடிப்பாகமான க்ராங்க் கேஸுக்குள்ள இறங்கி நிக்கும், டேங்க் காலியா இருக்கேன்னு பதறி நீங்க ஊத்தினா அது ஓவர் ஆயிலா போய் முடியும், அதனால என்ஜினை ஓட்டி சூடாக்கி அந்த ஆயில் திரும்ப டேங்குக்கு வந்தப்புறம்தான் அளக்கணும்.

இப்போ ப்ரெஷருக்கு வரேன். பம்ப் வேலை ஆயிலைத் தள்றது மட்டும்தான். தள்ற ஆயிலுக்கு வழில எவ்வளவு தடை இருக்கோ அதுதான் ப்ரெஷரா மீட்டர்ல தெரியுது. ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி எடுத்து அமுக்கிப் பாருங்க, வலுவே இல்லாம பீச்சும். ஊசியை மாட்டிட்டு அமுக்குங்க, விரல் நோகும். வெளிய வர்ற தண்ணி என்னவோ ஊசி இல்லாதப்போதான் அதிகம். என்ஜின்லயும் இதே கதைதான். பிஸ்டன் ஏறி இறங்கறதை சுத்தலா மாத்தற க்ராங்க்ல, உருளையோ குண்டோ இல்லாம ஷெல் மாதிரி இருக்கற ப்ளெயின் பேரிங் இருந்தா இடைவெளி மயிரிழை அளவு, ஆயில் அதுல அழுத்தத்தோட நின்னாதான் இரும்பும் இரும்பும் தொடாம இருக்கும். ரோலர், பால் பேரிங் இருந்தா ஆயில் மேல தெறிச்சாலே அதுக்குப் போதும், ப்ரெஷர் இயல்பாவே கம்மியாத்தான் இருக்கும்.

ரெண்டு பேர் போன பைக்கை வெச்சே சொல்லலாம். 1969-ல வந்த ஹோண்டா சிபி750-ல ப்ளெயின் பேரிங் க்ராங்க், அதுல ப்ரெஷர் மீட்டர் மாட்டினா அர்த்தம் இருக்கு. 1972-ல வந்த கவாசாகி இஸட்1, அதுவும் நாலு சிலிண்டர்தான், ஆனா ரோலர் க்ராங்க். சிபி750-க்கு வாங்கின மீட்டரைக் கழட்டி இதுல மாட்டினா சூடான ஐடிலிங்ல முள்ளு எழுந்திருக்கவே எழுந்திருக்காது, ஓனருக்குத் தூக்கம் போயிடும், என்ஜின் பாட்டுக்கு ஜம்முனு ஓடிட்டு இருக்கும். உங்க காலத்து சின்ன சிங்கிள் சிலிண்டர் பைக்ல பெரும்பாலும் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு க்ராங்கோட சேர்ற இடம், ரோலர்தான். அப்படின்னா 100 பி.எஸ்.ஐ. (ப்ரெஷரை அளக்கற அலகு) வரைக்கும் கோடு போட்ட மீட்டர் வாங்கி மாட்டறது, காய்கறி எடை போட லாரி எடை மேடைக்குப் போற மாதிரி. மொதல்ல உங்க என்ஜின்ல என்ன பேரிங்னு மெக்கானிக்கிட்ட கேளுங்க, மீட்டர் அப்புறம்.

இன்னொண்ணு. முள்ளு மேல நிக்கறதும் எப்பவும் நல்ல செய்தி கிடையாது. என்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்குப் போற ஆயில் லைன்ல அழுக்கு அடைச்சுக்கிச்சுன்னா தடை கூடுதா, ப்ரெஷரும் கூடித்தான் காட்டும், மேல வால்வை அமுக்கற ராக்கர் காஞ்சுட்டு இருக்கும். ஹெட்ல ஆயில் வருதான்னு பாக்கறதுக்குன்னே சில பைக்ல ஒரு சின்ன போல்ட் வெச்சிருப்பாங்க, ஐடிலிங்ல லேசா லூஸ் பண்ணினா ஆயில் கசிஞ்சு வரணும். அந்த ஒரு போல்ட் சொல்ற உண்மையை எந்த மீட்டரும் சொல்லாது.

நானா இருந்தா என்ன பண்ணுவேன்னா, ப்ளெயின் பேரிங் என்ஜினா இருந்தா ஒரே ஒரு நாளைக்கு மெக்கானிக்கல் மீட்டர் இரவல் வாங்கி மாட்டி, நல்லா அரை மணி நேரம் ஓட்டி சூடாக்கி, ஐடிலிங்ல எவ்வளவு, மேனுவல்ல சொல்லியிருக்கற ஆர்.பி.எம்.ல எவ்வளவுன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சுட்டு மீட்டரைக் கழட்டிக் குடுத்துடுவேன். அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு தடவை. ரெண்டு நம்பருக்கும் நடுவுல எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரிஞ்சா பேரிங் தேய்மானம் எந்த லட்சணத்துல இருக்குன்னு புரிஞ்சுடும்.

ஏன் நிரந்தரமா மாட்டக்கூடாதுங்கறேன்னா, நான் மாட்டி அனுபவிச்சவன். ப்ரெஷர் எடுக்கற ஓட்டைல T வடிவத்துல ஒரு பித்தளை அடாப்டரைப் போட்டு, அதோட முனைல கனமா ஒரு சென்ஸரைத் தொங்க விட்டேன். சிங்கிள் சிலிண்டர் அதிர்வு சும்மா விடுமா, கொஞ்ச நாள்லயே பித்தளை கழுத்துல விரிசல் விட்டுடுச்சு. சூடான ஆயில் ஷூ மேல பீச்சி அப்படியே பின் டயர் வரைக்கும் போயிருக்கு, வளைவுல வண்டி வழுக்கினப்போதான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. கீழ விழல, அது என் நல்ல நேரம். என்ஜினைக் காப்பாத்த மாட்டின சாமான்தான் அன்னிக்கு என்ஜின் ஆயிலை வெளிய கொட்டிச்சு! அப்படியும் மாட்டியே தீரணும்னா, சென்ஸரை ஃப்ரேம்ல க்ளாம்ப் போட்டு நிறுத்திட்டு என்ஜின்ல இருந்து அதுக்கு வளையற ஹோஸ் குடுங்க.

மரை விஷயத்துலயும் ஏமாந்துடாதீங்க. 1/8 சைஸ்லயே என்.பி.டி.ன்னு ஒண்ணு, பி.எஸ்.பி.டி.ன்னு ஒண்ணு இருக்கு, மொதலாவது இன்ச்சுக்கு 27 மரை, ரெண்டாவது 28. கைல திருகினா ரெண்டு சுத்து உள்ள போகும், சரியாத்தான் இருக்குன்னு ஸ்பேனரைப் போட்டீங்கன்னா அலுமினியம் கேஸ் போச்சு. அப்புறம் ஒத்தை வயர் சென்ஸருக்கு எர்த் அதோட உடம்பு வழியாத்தான் கிடைக்குது, கசியக்கூடாதுன்னு டெஃப்லான் டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தினா எர்த் விட்டுப்போய் மீட்டர் ஏதோ ஒரு நம்பரைக் காட்டும், டேப் துணுக்கு உள்ள போய் ஆயில் ஓட்டையை அடைச்சாலும் அடைக்கும்.

டெம்பரேச்சர் மீட்டர் கதை வேற, அதுக்கு நான் எதிரி இல்ல. ஏர் கூல்டு என்ஜினுக்கு உண்மைலேயே பிரயோஜனம் அதுதான். ஆயில் ஊத்தற மூடிக்கு பதிலா மாட்டற மாதிரி டிப் ஸ்டிக்லயே வட்ட டயல் வெச்ச தெர்மாமீட்டர் வருது, வயரும் கிடையாது, ட்ரில் போடற வேலையும் கிடையாது, வேண்டாம்னா பழைய மூடியைத் திருப்பி மாட்டிக்கலாம். வாங்கினதும் கொதிக்கற தண்ணில முக்கிப் பாருங்க, 100 டிகிரி பக்கத்துல காட்டலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க. ஓடறப்போ 90-ல இருந்து 120 வரைக்கும் இருந்தா கவலையே இல்ல, மினரல் ஆயில் போட்டுட்டு 130-ஐத் தாண்டி ரொம்ப நேரம் ஓட்டறீங்கன்னா ஆயிலை சீக்கிரமே மாத்திடுங்க, சூடு 10 டிகிரி ஏற ஏற ஆயில் கெடற வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும்னு ஒரு கணக்கு உண்டு. ஆனா அது காட்டறது அடில தேங்கி நிக்கற ஆயிலோட சூடு, பிஸ்டன் பக்கத்துல அதை விட ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்கறதை மறந்துடாதீங்க.

ஆக உங்களுக்கு: ப்ரெஷர் மீட்டர் வேண்டாம், டிப் ஸ்டிக் தெர்மாமீட்டர் ஆசையா இருந்தா வாங்கிக்கங்க, மிச்சக் காசுல காந்தம் வெச்ச ட்ரெயின் போல்ட் ஒண்ணு. ஒவ்வொரு ஆயில் மாத்தும்போதும் அந்தக் காந்தத்தைத் தொடைச்சுப் பாருங்க. மாவு மாதிரி கருப்பா ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம், துண்டு துண்டா இருந்தா கியரோ பேரிங்கோ ஏதோ சொல்ல வருது. காந்தத்துல ஒட்டாம ஆயில்லயே தங்கம் மாதிரி மினுமினுத்தா எங்கயோ வெண்கல வளையமான புஷ் தேயுது.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊத்தினேன், மீட்டர் முள்ளு நல்லா ஏறிடுச்சு. என்ஜின் சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: முள்ளுதான் சரியாச்சு. ஆயில் கெட்டியானா தடை கூடும், ப்ரெஷர் ஏறும், தேஞ்சது தேஞ்சதுதான். காலைல ஜில்லுன்னு ஸ்டார்ட் பண்றப்போ ஹெட் வரைக்கும் ஆயில் ஏற கூடுதல் நேரம் பிடிக்கும், ப்ரெஷர் அளவு மீறினா திறக்கற ரிலீஃப் வால்வும் திறந்துக்கிட்டு பாதி ஆயிலை அடில ஆயில் தேங்கற சம்ப்புக்கே திருப்பி அனுப்பும். மேனுவல்ல 20டபிள்யூ-50 போட்டிருந்தா அதையே ஊத்துங்க.

கேள்வி: நாலு சிலிண்டர் பைக், ப்ளெயின் பேரிங். காலைல 60 பி.எஸ்.ஐ. காட்டுது, சூடானதும் ஐடிலிங்ல 8-க்கு வந்துடுது. பிரிக்கணுமா?

பதில்: அவசரப்படாதீங்க. ஆக்ஸிலேட்டர் குடுத்தா எவ்வளவு ஏறுதுன்னு எழுதவே இல்லையே. 1000 ஆர்.பி.எம்.க்கு 10 பி.எஸ்.ஐ.ன்னு ஒரு பழைய கணக்கு சொல்லுவாங்க, அது தோராயம்தான், சட்டம் இல்ல. சூடான என்ஜின்ல 4000-ல 40 பக்கத்துல நின்னா ஐடிலிங் 8-ஐ நெனச்சு நான் பயப்பட மாட்டேன். போன வருஷம் இதே ஐடிலிங்ல 20 இருந்து இப்போ 8-ன்னா பேச்சே வேற, மொதல்ல ரிலீஃப் வால்வுல தூசி மாட்டித் திறந்தே நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறம் பம்ப், அதுக்கும் அப்புறம்தான் பேரிங். மீட்டரே பொய் சொல்லுதான்னு இன்னொரு மீட்டர் வெச்சுப் பாக்கறதும் நல்லது.

கேள்வி: டிப் ஸ்டிக் தெர்மாமீட்டர் 70 டிகிரியைத் தாண்டவே மாட்டேங்குது. என்ஜின் கூலா இருக்குன்னு சந்தோஷப்படலாமா?

பதில்: மூடியைக் கழட்டி அடில பாருங்க, வெள்ளையா க்ரீம் மாதிரி ஒட்டியிருக்கா? தினம் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் ஓட்டறீங்கன்னு நெனக்கறேன். உள்ள சேர்ற ஈரம் ஆவியா வெளிய போற அளவுக்கு ஆயில் சூடே ஆகறதில்ல. வாரம் ஒரு தடவையாவது நீளமா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, ஆயில் மாத்தறதையும் கிலோமீட்டர் கணக்குல பாக்காம மாசக் கணக்குல பாருங்க.

கேள்வி: என்னோடது டூ ஸ்ட்ரோக். ப்ரெஷர் மீட்டர் எங்க மாட்டணும்?

பதில்: எங்கயும் மாட்ட முடியாது சார். அதுல ஆயில் சுத்தி சுத்தி வராது, பெட்ரோலோட சேந்து எரிஞ்சு போயிடும். ஆயில் பம்ப் இருக்கற மாடலா இருந்தா ஆயில் டேங்க் அளவையும், பம்ப் கேபிளை இழுத்தா குறி நேரா வருதாங்கறதையும் பாருங்க, போதும்.

கேள்வி: என் பைக்ல ஆயிலுக்கு சிவப்பு லைட் இருக்கு. சாவி போட்டாலும் எரியறதே இல்ல. அப்போ ப்ரெஷர் சூப்பர்னுதானே அர்த்தம்?

பதில்: ஐயோ, இல்லவே இல்ல. என்ஜின் ஓடாதப்போ ப்ரெஷரே கிடையாது, அதனால சாவி போட்டதும் அந்த லைட் எரிஞ்சே ஆகணும், ஸ்டார்ட் ஆனப்புறம்தான் அணையணும். சாவியைப் போட்டுட்டு, ஆயில் ஸ்விட்ச்ல இருக்கற வயரைப் பிடுங்கி என்ஜின் பாடில தொட்டுப் பாருங்க. லைட் எரிஞ்சா ஸ்விட்ச் அவுட், எரியலைன்னா பல்போ வயரோ. எத்தனை நாளா இப்படி ஓட்டிட்டு இருக்கீங்கன்னு கேக்க எனக்கே பயமா இருக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன், பெரும்பாலான பைக்ல ப்ரெஷர் 0.3-ல இருந்து 0.5 பார் அளவுக்கு இறங்கினப்புறம்தான் அந்த லைட்டே எரியும், ஓட்டிட்டு இருக்கும்போது எரிஞ்சா அடுத்த மெக்கானிக் ஷாப் வரைக்கும் போயிடலாம்னு நெனக்காம அங்கயே ஆஃப் பண்ணுங்க. நாளைக்குக் காலைல கிக்கரை மிதிக்கறதுக்கு முன்னாடி மொதல்ல அந்த வயரைப் பாத்துடுங்க.