எல்லா வண்டியிலயும் ‘எம்’ இருக்கு, உள்ள என்ன கியர்பாக்ஸ் இருக்கு?

கேள்வி: அண்ணாச்சி, முட்டு வலி வந்ததுலேருந்து கிளட்ச் மிதிக்க முடியல, அதனால ஆட்டோமேட்டிக் எடுக்கலாம்னு இருக்கேன். ஏஎம்டிலயும் எம் (மேனுவல் மோடு) போட்டு பிளஸ் மைனஸ் தட்டி கியர நாமளே மாத்தலாம், டார்க் கன்வெர்ட்டர்லயும் அதே தான், எதுக்கு சும்மா ஒரு லட்சத்துக்கு மேல கூட குடுக்கீங்கன்னு ஷோரூம்ல கேக்காங்க. எங்க வீடு குழித்துறை பக்கம், ரோட்டுலேருந்து வீட்டுக்கு நல்ல ஏத்தம். எது எடுக்கட்டும்?

பதில்: லீவர் பக்கத்துல எம்-னு எழுதியிருக்கதால ரெண்டும் ஒண்ணாயிடாது சார். ஏஎம்டிங்கிறது நீங்க இத்தன வருஷம் ஓட்டுன அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே ஒத்த கிளட்ச் பிளேட்டு, உங்க காலுக்கும் கைக்கும் பதிலா ஆக்சுவேட்டர்ங்கிற தள்ளுற கருவியும் கம்ப்யூட்டரும் சேந்து கிளட்ச அமுக்கி கியர மாத்துது, அவ்வளவு தான். 2014-ல மாருதி செலேரியோல இது வந்த பொறகு தான் நம்மள மாதிரி ஆளுக்கும் ஆட்டோமேட்டிக் கைக்கெட்டுன விலையில கெடச்சுது, அத நான் கொறை சொல்லவே மாட்டேன். டார்க் கன்வெர்ட்டர்ல வண்டி கெளம்பும்போது இழுவை ஆயில் வழியா போவுது, அதனால ஏத்தத்துல பைய ஊந்து ஊந்து போனாலும் கருகுறதுக்கு அங்க அந்த மாதிரி பிளேட்டு இல்ல. பிரெஸ்ஸா, எர்டிகால 2022-லேருந்து வர்ற 6 கியர் பெட்டி இந்த வகை தான்.

இப்ப உங்க வீட்டு ஏத்தத்துக்கு வருவோம், ஏன்னா விஷயமே அங்க தான் கெடக்கு. நம்ம மேற்கு பக்கம் வீடுக எல்லாம் எப்படின்னு தெரியும்லா, ரோடு கீழ, வீடு மேல, நடுவுல காங்கிரீட் சரிவு, கேட்டுகிட்ட ஒரு ஒடிப்பு, ராத்திரி ரிவர்ஸ்ல ஏத்தி விட்டாத்தான் காலையில நேரா எறங்க முடியும். ஏஎம்டி வண்டிய ரிவர்ஸ்ல அந்த ஒடிப்புல அஞ்சு அஞ்சு இஞ்சா நகத்துனா கிளட்ச் பாதி பிடிச்சு பாதி விட்டு நிக்கும், கொஞ்ச நேரத்துல கருகுன வாடை வரும், அந்த வாடை வந்துட்டாலே பிளேட்டு தேயுதுன்னு அர்த்தம். எம் மோடு முன்னால போற கியருக்கு மட்டும் தான், ரிவர்ஸ்ல இருக்கதே ஒரு கியர், அதனால பிளஸ் மைனஸ் இருந்தும் அந்த எடத்துல ஒரு பிரயோஜனமும் இல்ல. இத எந்த ஷோரூம்லயும் சொல்லித் தரமாட்டாங்க.

அதனால டெஸ்ட் டிரைவ் வண்டிய ஹைவேல ஓட்டிப் பாத்துட்டு திருப்பிக் குடுக்காதீங்க, வீட்டுக்கு கொண்டு வரச் சொல்லுங்க, வீட்டு ஆள் நாலு பேர உள்ள ஏத்துங்க, சரிவுக்க நடுவுல நிறுத்தி மறுபடி எடுங்க, மொதல்ல நேரா, பொறகு ரிவர்ஸ்ல. நிறுத்துனா பிரேக்கோ ஹேண்ட் பிரேக்கோ பிடிக்கணும், ஆக்சிலேட்டர மிதிச்சு வண்டிய ஏத்தத்துல நிக்க வைக்கக் கூடாது, ஏஎம்டில கிளட்ச் சீக்கிரம் போறதுக்கு இந்த பழக்கம் போதும். பின்னால உருளாம, வாடை இல்லாம ஏறுச்சுன்னா ஏஎம்டியே கொள்ளாம், காச மிச்சம் பிடிங்க. திணறுச்சுன்னா அந்த ஒரு லட்சம் தண்டம் இல்ல சார், முட்டு வலிக்காரர் தெனம் ராத்திரி அந்த ஒடிப்புல பாடுபடக் கூடாது.

கேள்வி: குலசேகரத்துலேருந்து எழுதுறேன் அண்ணாச்சி. எங்க வண்டி 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்ட்டர் தான். பிள்ளையள கூட்டிட்டு பொன்முடி போயிட்டு எறங்கும்போது பிரேக்குலேருந்து வாடை வந்துச்சு, பெடலும் மெத்துன்னு உள்ள போச்சு. எம் போட்டு எறக்கியிருக்கணும்னு தம்பி சொல்லுதான், ஓடுற வண்டியில லீவர தொட்டா கியர்பாக்ஸ் ஒடைஞ்சிரும்னு வீட்டுக்காரர் சொல்லுதார். யார் சொல்றது சரி?

பதில்: தம்பி சொல்றது தான் சரிம்மா. மொதல்ல பிரேக்க வொர்க்‌ஷாப்புல காட்டிருங்க, பேடும் பிரேக் ஆயிலும் பாக்கச் சொல்லுங்க, பெடல் மெத்துன்னு போனத சாதாரணமா விடக் கூடாது. பொன்முடில 22 கொண்டை ஊசி வளைவு, டி-ல (டிரைவ்ல) போட்டு பிரேக்க மட்டும் நம்பி எறங்குனா கம்ப்யூட்டருக்கு நீங்க மலை எறங்குறது சரியா தெரியாது, ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்ததும் பெரிய கியர்ல போட்டு ஓட விட்டுரும் (சில புது வண்டி சரிவ கண்டுபிடிச்சு தானா கியர கொறைக்கும், எல்லாம் செய்யாது). வேகம் முழுசும் பிரேக் பேட்லதான் வந்து சேருது, பேட் சூடாகி பிடிமானம் கொறையும், சூடு கூடிப்போனா பிரேக் ஆயில் கொதிச்சு அதுல ஆவி கட்டும், அப்ப தான் பெடல் அப்படி உள்ள போவும்.

எம் மோடு இருக்கதே இதுக்குத்தான். எறக்கம் தொடங்குறதுக்கு முன்னாலயே லீவர எம்-முக்கு தட்டி மைனஸ்ல மூணுக்கோ ரெண்டுக்கோ கொண்டு வாங்க. இஞ்சின் கொஞ்சம் சத்தமா உறுமும், பயப்படாதீங்க, அது வண்டிய பிடிச்சு நிறுத்துற சத்தம். வளைவுக்கு முன்னால பிரேக்க அழுத்தமா ஒரு பிடி பிடிச்சு விட்டுரணும், கால பெடல்லயே வச்சுக்கிட்டே வரக் கூடாது. ஓடும்போது டி-லேருந்து எம்-முக்கு போறதுல கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆவாது. ரொம்ப வேகத்துல போய்க்கிட்டு ஒண்ணாம் கியர் கேட்டாலும் கம்ப்யூட்டர் குடுக்காது, இஞ்சின் தாங்காத கியர மறுத்துரும். வீட்டுக்காரர் பயப்பட வேண்டியது ஓடும்போது ஆர்-ஐயும் (ரிவர்ஸ்) பி-ஐயும் (பார்க்) தொடுறதுக்குத்தான். இன்னொண்ணு, பெட்ரோல் மிச்சம் பண்ணுதேன்னு எறக்கத்துல நியூட்ரல்ல விடுறவங்க நம்ம ஊர்ல நெறைய, தயவு செஞ்சு செய்யாதீங்க, இப்ப உள்ள வண்டியெல்லாம் கியர்ல எறங்கும்போது இஞ்சினுக்குப் பெட்ரோல் போறத தானா நிறுத்திரும், நியூட்ரல்ல தான் அணையாம இருக்க பெட்ரோல் குடிக்கும்.

கேள்வி: எம்-ல ஓட்டுனா மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. 1990 வாக்குல போர்ஷே 911-ல டிப்ட்ரானிக்னு இந்த வசதி வந்ததே ஓட்டுறவன் கையில கியர் இருக்கணும்னு தான், மைலேஜுக்கு இல்ல. காவல்கிணறு ரோட்டுல லாரிய ஓவர்டேக் எடுக்கப் போறீங்கன்னா முன்கூட்டியே ஒரு மைனஸ் தட்டி வச்சுக்கிடுங்க, புல்லிங் ரெடியா இருக்கும், முந்துன பொறகு டி-ல போட்டுருங்க.

கேள்வி: நாகர்கோவில்ல ஒரு செகண்ட் ஹேண்ட் சிவிடி ஆட்டோமேட்டிக் வண்டி பாத்திருக்கேன், கேஎல் 20 நம்பர், 2017 மாடல், விலை கம்மி. 7 ஸ்பீடுன்னு சொல்லுதாங்க, நம்பி எடுக்கலாமா?

பதில்: சிவிடில கியரே கெடையாது தம்பி. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட், அவ்வளவு தான், அந்த 7 ஸ்பீடுங்கிறது கம்ப்யூட்டர் அங்கங்க நிறுத்திக் காட்டுற படி. டவுன்ல ஓட்ட சிவிடி மாதிரி சொகம் எதுலயும் இல்ல, அதுக்காக வேண்டாம்னு சொல்லல. இஞ்சின் ஆறிக் கெடக்கும்போது போய்ப் பாருங்க, அவங்க ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வாரேன்னு சொல்லிட்டு வந்துருங்க. டி-க்கும் ஆர்-க்கும் மாத்தும்போது இடி இடிக்குதா, பைய கெளம்பும்போது நடுங்குதா, வேகம் கூடக் கூட ஊளை மாதிரி சத்தம் வருதான்னு கவனிங்க. சிவிடி ஆயில் மாத்துன சர்வீஸ் பில்லு இல்லன்னா விலையில நல்லா கொறைச்சுக் கேளுங்க.

2018-ல கேரளாவுல வெள்ளம், 2023 டிசம்பர்ல திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் வெள்ளம், தண்ணியில நின்ன வண்டிய கழுவி மினுக்கி விக்காங்க. ஆட்டோமேட்டிக்ல கம்ப்யூட்டரும் சென்சரும் கூட இருக்கதால தண்ணி பாத்த வண்டி பின்னால தான் வேலையக் காட்டும். சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுங்க, அடியில சேத்துக் கோடு இருந்தா கெளம்பிருங்க. சீட்டுக்கு அடியில உள்ள போல்ட்டுல துரு, கார்ப்பெட்ட தூக்குனா பூஞ்ச வாடை, இதும் அதே கதை தான். பேப்பர் விஷயம், கேஎல் 20-ங்கிறது கேரளா நெய்யாற்றின்கரை நம்பர், அந்த ஆர்டிஓ குடுக்குற என்ஓசி (ஆட்சேபணை இல்லங்கிற சர்டிபிகேட்) இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்டணும்னா நம்பர் மாத்தியே ஆவணும், தமிழ்நாட்டு ரோடு டாக்ஸும் கெட்டணும், அந்த துகைய ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு வண்டி விலையோட கூட்டிப் பாத்தா கம்மி விலையான்னு அப்ப தெரியும்.

கேள்வி: புது ஏஎம்டி எடுத்து ஒரு வருஷம் கூட ஆவல, ஏத்தத்துல நடுங்குது, சில நேரம் கியர் விழாம நின்னுருது. கிளட்ச் தேய்மானம், வாரண்டி கெடையாது, காசு கெட்டுங்கன்னு டீலர் சொல்லுதாங்க. விலை 7 லட்சம். என்ன செய்ய?

பதில்: கிளட்ச் பிளேட்ட தேயுற சாமான்னு வாரண்டியில சேக்காம விடுறது வழக்கம் தான், வாரண்டி புக்க எடுத்து அந்த வரிய நீங்களே வாசிங்க. ஆனா கியர் விழாம நிக்கது ஆக்சுவேட்டர் கோளாறாவும் இருக்கலாம், அது தேயுற சாமான் இல்ல. ஸ்கேன் பண்ணி வந்த எரர் கோட ஜாப் கார்டுல எழுதித் தரச் சொல்லுங்க, வாயால சொல்றது எதும் பொறகு நிக்காது. வண்டி நிக்கும்போது டாஷ்போர்டுல கியர் நம்பருக்குப் பதிலா என்ன காட்டுதுன்னு போன்ல வீடியோ எடுத்து வைங்க. பொறகு கம்பெனிக்கு மெயில், அதுக்கும் பதில் இல்லன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போட்டு புகார் பதிஞ்சு நம்பர வாங்கிக்கிடுங்க.

அப்பவும் அசையலன்னா நாகர்கோவில்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வண்டிய எங்க வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்க எடத்துலயே கேஸ் குடுக்கலாம், திருவனந்தபுரத்துல வாங்குனவங்களுக்கும் இது பொருந்தும். 50 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குன சாமான மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 7 லட்சத்துக்கு பீஸ் 200 ரூவா தான், வக்கீல் வச்சே ஆவணும்னு இல்ல. கோளாறு வந்ததுலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள குடுத்துரணும். டீலரையும் கம்பெனியையும் ரெண்டு பேரையும் எதிர் மனுதாரரா சேருங்க, ஒருத்தர விட்டா அவங்க மேல கைகாட்டிட்டு மத்தவங்க தப்பிச்சிருவாங்க. அதுவரைக்கும் கிளட்ச மாத்தியே ஆவணும்னா காச கெட்டி மாத்துங்க, ஆனா பில்லுல ‘ஆட்சேபணையோட கெட்டுதேன்’னு கையால எழுதி கையெழுத்துப் போடுங்க, கழட்டுன பழைய பிளேட்ட கேட்டு வாங்கி வீட்டுல பத்திரமா வைங்க.